பிரிதலும் பிரிதல் நிமித்தமும்: கன்வர்ட்டிபிள் காரின் உள்கூரைத் துணி தொய்வது பற்றி ஓர் ஆய்வு

பாலைத்திணைக்குப் பெரும்பொழுது வேனிற்காலம். சிறுபொழுது நண்பகல். உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். இலக்கணம் படித்தவர்கள் அறிந்த இந்த மூன்று செய்திகளையும் கையில் வைத்துக்கொண்டு, மே மாதத்தில் நிழலில்லாத இடத்தில் நிறுத்திய, கூரை மடங்கும் பழைய கன்வர்ட்டிபிள் கார் ஒன்றின் கதவைத் திறந்து பார்த்தால், மூன்றும் அச்சுப் பிசகாமல் பொருந்தியிருக்கும். காலம் கோடை. வேளை உச்சி. கூரையோடு ஒட்டி வாழ்ந்த உள்துணி கூரையைப் பிரிந்து, ஓட்டுபவர் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இந்தத் தொய்வைப் பாலையில் வைத்துப் பேசுவதே இதுவரை வழக்கமாக இருந்துவருகிறது. கார்க்காரர், மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய முத்திறத்தாரும் "வெயில்ல கம்மு விட்டுப்போச்சு" என்ற ஒரே கொள்கையினர். அறிவுலகில் இவ்வளவு ஒற்றுமை நிலவினால் அங்கே ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள். இக்கட்டுரை அந்தக் கொள்கையை மறுக்கிறது. பெரும்பாலான கார்களில் கம் விடவே இல்லை. வெயிலும் முதல் குற்றவாளி அன்று. தொய்வுக்கு உரிய நிலம் பாலை அன்று, ஈரக்காற்று வீசும் கடற்கரையான நெய்தல் என நிறுவுவதும், அதைக் கொண்டு பழுதுபார்க்கும் முறையைத் திருத்துவதுமே இங்கு நோக்கம்.

முதலில் பொருள் இன்னதென்று வரையறுத்துக்கொள்வோம். கூரையின் உட்புறத்தில், பயணியின் கண்ணில் படும்படி ஒட்டியோ கட்டியோ வைத்த துணி உள்கூரைத் துணி எனப்படும். குஷன் கடைக்காரர்கள் இதை ரூஃப் லைனிங் என்பார்கள். டாப் துணி என்பாரும் உளர். இது மழையைத் தடுக்காது. இது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், ஹாரன் அடிக்கும். கூரையின் எலும்பை மறைப்பது, காற்றிரைச்சலைச் சற்றுத் தணிப்பது, குளிர்நாடுகளில் உள்ளிருக்கும் கதகதப்பைக் கொஞ்சம் பிடித்துவைப்பது, இவைதாம் இதன் வேலை. காரின் உறுப்புகளில் இவ்வளவு குறைவாக உழைத்துவிட்டு, விழும்போது மட்டும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்வது வேறொன்றில்லை.

இந்தத் துணியே வேண்டாம் என்று கன்வர்ட்டிபிள் செய்தவர்கள் உண்டு. அவர்களை வெறுங்கூரையார் எனலாம். 1940களின் எம்.ஜி. டி.சி. அந்தக் கட்சி. நாலு கம்பி, மேலே ஒரு துணி, அதோடு சரி. 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரும் அதே கட்சிதான். ஒற்றைப் படல வினைல் கூரை. அண்ணாந்து பார்த்தால் சட்டமும் வளைவும் வெட்டவெளிச்சம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கொக்கியைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். இந்தக் கட்சியாருக்குக் கூரை ஒழுகும், இரையும், கிழியும். ஆனால் தொய்வு என்ற நோய் அவர்கள் அகராதியில் இல்லை.

எதிர்க்கட்சியான போர்வைக்கூரையாரின் தலைமைப்பீடம் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரம். அங்கிருந்த கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கன்வர்ட்டிபிள் வடிவத்தைச் செய்தது. மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். மேலே ஒரு துணி, நடுவில் திணிப்பு, அடியில் உள்துணி என்று அந்தக் கூரை ஒரு முழு மெத்தை. மடக்கினால் காருக்குள் போய் ஒளியாது. முதுகில் மூட்டையாக உட்கார்ந்துகொண்டு, பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று ஓட்டுநருக்குத் தெரியாமல் செய்யும். காற்று வேண்டும் என்று கூரையைத் துறந்தவர் அதே கூரையை மெத்தையோடு சுமந்துகொண்டு போனார். 1979இல் கோல்ஃப் காருக்கும் கார்மன் அதே தடித்த கூரையைத் தைத்துக் கொடுத்தது. கூரையே இல்லாமல் ஓட வேண்டும் என்று பிறந்த காருக்குத்தான் உலகிலேயே சிக்கலான கூரை வாய்த்தது என்பது இத்துறையின் அடிப்படை முரண்.

இங்கே ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு தேவைப்படுகிறது. 1970களில் கன்வர்ட்டிபிள் இனமே அற்றுவிடும் என்று அமெரிக்கா நம்பியது. கார் உருண்டால் தலை தப்ப வேண்டும் என்று அரசு கடும் விதி கொண்டுவரப்போகிறது என்ற பயம் ஒருபக்கம்; ஏ.சி. பரவியதால் திறந்த காற்றுக்கு மதிப்புக் குறைந்தது மறுபக்கம். 1976இல் காடிலாக் நிறுவனம் எல்டொராடோ கன்வர்ட்டிபிளை 14,000 எண்ணிக்கையில் செய்து, கடைசி 200 வண்டிகளுக்கு வெள்ளை நிறம் அடித்து, இனி அமெரிக்காவில் கன்வர்ட்டிபிள் இல்லை என்று விடைகொடுத்தது. பலர் வாங்கி ஓட்டாமல் பூட்டி வைத்தார்கள், பிற்காலத்தில் விலை ஏறும் என்று. 1984இல் அதே நிறுவனம் மறுபடியும் கன்வர்ட்டிபிள் எல்டொராடோவை விற்க ஆரம்பித்தது. பூட்டி வைத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் வழக்கு நம் ஆய்வுக்கு வெளியே. ஆனால் ஓட்டாமல் பூட்டி வைத்தால் கார் கெடாது என்ற அவர்கள் நம்பிக்கை நம் ஆய்வுக்கு நேராக உள்ளே. அதற்குப் பிறகு வருவோம்.

அந்த மறுமலர்ச்சிக் காலத்தில் வந்ததுதான் ஸ்வீடன் நாட்டு சாப் 900 கன்வர்ட்டிபிள். சாப் அமெரிக்கக் கிளையின் தலைவர் பாப் சின்க்ளேர் பிடிவாதம் பிடித்து வாங்கிய கார் அது. 1983இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் மாதிரியாகக் காட்டப்பட்டு, 1986இல் ஃபின்லாந்தின் ஊசிகவுபுங்கி ஊர்த் தொழிற்சாலையில் உற்பத்தியானது. பனி பெய்யும் நாட்டுக்காரன் செய்த திறந்த கார் என்பதால் கூரைக்குள் திணிப்பும் உள்துணியும் பலமாக இருந்தன. பின்கண்ணாடிக்குச் சூடேற்றும் கம்பிகூட உண்டு. இதே 900இன் தகரக் கூரை வகைக்கும் உள்கூரை தொங்குவது ஊரறிந்த குணம். சாப் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலாயிற்று. அதன் உள்கூரைகள் மட்டும் ஆங்காங்கே இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே குடும்பத்தில் தகரக் கூரையும் துணிக்கூரையும் இரண்டும் தொய்ந்ததால், ஒப்பியல் ஆய்வுக்கு இதைவிட நல்ல குடும்பம் கிடைப்பது அரிது.

தகரக் கூரைக் காரில் உள்துணி எப்படி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும், அதன் வழிவந்த நம் அம்பாசடரிலும் துணியின் முதுகில் குறுக்கே உறைகள் தைத்து, அவற்றுக்குள் கம்பி நுழைத்து, கம்பியைக் கூரையோரம் மாட்டிவிடுவார்கள். பசைக்கு அங்கே ஓரத்தில் மட்டும்தான் வேலை. அந்தத் துணி அழுக்காகும், கிழியும், எலி கடிக்கும். மொத்தமாக இறங்காது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி இந்த முறை மாறியது. வார்த்தெடுத்த அட்டை ஒன்று. அதன்மேல் மூன்று மில்லிமீட்டர் அளவு நுரை ஒட்டிய மெல்லிய துணி. கம்பியில்லை, தையலில்லை, ஒரு தொழிலாளி ஒரே தூக்கில் காருக்குள் மாட்டிவிடலாம். செலவு குறைந்தது. தொய்வுயுகம் தொடங்கியது.

கன்வர்ட்டிபிளில் அட்டை வைக்க முடியாது, மடங்க வேண்டுமே. எனவே அங்கே பழைய முறையும் புதிய முறையும் கலந்து கிடக்கும். விண்ட்ஷீல்டுக்கு மேலே வந்து கொக்கி போடும் முதல் சட்டத்தில் துணியின் முன்விளிம்பு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் இரண்டு மூன்று வளைவுச் சட்டங்களில், முதுகில் தைத்த பட்டையும் பிளாஸ்டிக் கீற்றும் கொண்டு தொங்கவிடப்பட்டிருக்கும். பக்கவாட்டில் எலாஸ்டிக் அல்லது மெல்லிய இழுகம்பி. பின்கண்ணாடியைச் சுற்றி மறுபடி பசை, சில வண்டிகளில் ஸ்டேப்பிள் ஆணி. இவ்வளவும் ஒவ்வொரு முறை கூரை மடங்கும்போதும் இழுபட்டு, தளர்ந்து, திரும்ப இழுபடும். தகரக் கூரையின் துணிக்கு வாழ்க்கையில் ஒரே சோதனைதான். இதற்குத் தினசரி சோதனை.

இனி ரசாயனம். துணி, நுரை, பசை என்று மூன்று அடுக்கு. துணி பல கார்களில் நைலான் பின்னல். பசை பெரும்பாலும் நியோபிரீன் வகை செயற்கை ரப்பர். இந்த இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதைக் குஷன் கடைகளில் யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் டூபாண்ட் நிறுவனத்துக்காக வாலஸ் கரோதர்ஸ் நடத்திய ஆய்வுக்கூடத்தில் 1930இல் நியோபிரீன் பிறந்தது. 1935இல் நைலான் பிறந்தது. நைலானுக்கான காப்புரிமை டூபாண்டிடம் சிக்கிக்கொண்டதால், அந்த வேலியைத் தாண்ட வேறு வழி தேடிய ஜெர்மானியர்களில் ஒருவர் ஓட்டோ பேயர். லெவர்குசனில் அவர் குழு 1937இல் கண்டதுதான் பாலியூரித்தேன். அது நுரையாகப் பொங்கும் என்பது பின்னால் தெரிந்தது. ஆக, நைலானுக்குப் போட்டியாகப் பிறந்த பொருளை எடுத்து, நைலானுக்கும் நியோபிரீனுக்கும் நடுவே வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவர் நடுவே பங்காளியை உட்காரவைத்த கதை. முதலில் எழுந்து போனது பங்காளிதான்.

இந்த நுரையில் இருவகை உண்டு: ஈதர் வகை, எஸ்டர் வகை. தீச்சுடரில் நுரையின் மேற்பரப்பை லேசாக உருக்கித் துணியோடு அழுத்தி ஒட்டும் முறைக்கு எஸ்டர் வகை வாகானது. அதனால் உள்கூரைத் துணிகளில் அது புகுந்தது. எஸ்டர் பிணைப்புக்கு ஒரு பலவீனம்: தண்ணீர். காற்றில் உள்ள ஈரமே போதும். ஒவ்வொரு பிணைப்பாக அறுத்துவிடும். அறுபடும்போது அமிலம் பிறக்கும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை விரைவாக்கும். நுரை தன் சாவுக்குத் தானே ஆள் சேர்த்துக்கொள்கிறது. அட்டைப்பெட்டியில் பத்திரமாக எடுத்துவைத்த நல்ல ஷூவைப் பல வருடம் கழித்துக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மண்டப வாசலில் அடிப்பாகம் உதிர்ந்து நின்றவர்களுக்கு இந்த ரசாயனம் செய்முறையாகத் தெரியும். பல ஷூக்களின் அடிப்பாகமும் பாலியூரித்தேன்தான். அருங்காட்சியகங்களில் 1960களின் நுரை நாற்காலிகளைப் பாதுகாப்பவர்களுக்கும் இது தீராத தலைவலி. எல்டொராடோவைப் பூட்டி வைத்தவர்கள் போன்றோருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: உருளாத சக்கரம் தேயாது, ஆனால் ஈரம் பூட்டைப் பார்த்துத் திரும்பிப்போவதில்லை.

வெயிலுக்கு இதில் பங்கே இல்லையா என்று பாலைக் கட்சியார் கேட்பர். உண்டு. 2005இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுவதையும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுவதையும் காட்டியது. குழந்தைகளைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் அந்த ஆய்வு செய்யப்பட்டது. உள்கூரையை யாரும் நினைக்கவில்லை. வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 60. கூரைக்கு அடியில் அதற்கும் மேல். ரசாயன வினைகள் சூட்டில் வேகமெடுக்கும். எனவே வெயில் கூட்டாளி. கத்தி பிடித்த கை ஈரம். கடற்காற்றும் கோடை வெயிலும் ஒரே தெருவில் வசிக்கும் சென்னை போன்ற ஊர்களில் இருவரும் சேர்ந்தே வேலைக்கு வருகிறார்கள். இதைத் திணைமயக்கம் என்று சொல்வதற்கு இலக்கணம் இடம் தருகிறது. கன்வர்ட்டிபிளுக்கு ஈரம் இன்னும் தாராளம்: மழையில் நனைந்த மேல்துணி, அதன் அடியில் நனைந்த திணிப்பு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு நிறுத்திய வண்டி.

ஐயம் தீராதவர்கள் தொய்ந்த இடத்தில் விரலை வைத்து மேலே அழுத்திப் பார்க்கலாம். துணி போய்க் கூரையில் படும். விரலை எடுத்தால் அரை நொடி தயங்கிவிட்டு இறங்கிவரும். அந்த அரை நொடிக்குள் நெற்றியில், மூக்குக் கண்ணாடியில், சட்டைக் காலரில் காவி நிறத் தூள் விழும். தூளை இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் முதலில் மணலாக உருளும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு சோப்புக்கும் போகாது. ஒரு காலத்தில் நுரையாக இருந்தது அதுதான். துணியின் ஓரத்தை விலக்கிச் சட்டத்தைப் பார்த்தால் பழைய பசை பளபளவென்று, போட்ட இடத்தில், போட்டபடி ஒட்டிக்கொண்டிருக்கும். முப்பது வருடமாகக் கடமை தவறாத அந்தப் பசையைத்தான் ஊரே திட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு விதிவிலக்கை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கன்வர்ட்டிபிளின் முன்விளிம்பில் சில நேரம் பசையே தோற்றுப்போகிறது. அங்கே இழுப்பு அதிகம், வெயில் நேராக விழும் விண்ட்ஷீல்டுக்கு மேலே இருப்பதால் சூடும் அதிகம். அங்கே தூள் கொட்டாது. துணியின் ஓரம் சுத்தமாகக் கழன்று, சன் வைசருக்கு மேலே உதடு பிதுக்கி நிற்கும். தொய்வுகளில் இதுவே சாது. இதற்கு நுரையைச் சுரண்ட வேண்டியதில்லை, ஓரத்தைத் துடைத்து ஒட்டினால் போதும். நடுவில், இரு வளைவுகளுக்கிடையே, வயிறு சரிந்து தொங்குவதுதான் அசல் நோய். மூன்றாவதாகப் பின்கண்ணாடியைச் சுற்றி இறங்குவது. அது ஓட்டுநர் தலையில் இடிக்காது, ரியர்வியூ கண்ணாடியில்தான் முதலில் தெரியும், அல்லது பின்னால் வருபவர் தெரியாமல் போவதால் தெரியும்.

தகரக் கூரைக் காரில் தொய்வு அழகுக்கு வந்த குறை. கன்வர்ட்டிபிளில் அப்படி விட்டுவிட முடியாது. கூரை மடங்கும்போது சட்டங்கள் கத்தரிக்கோல் போல் மூடும்; தொங்கும் துணி அந்த வாய்க்குள் போகும். ஒருமுறை கடிபட்டால் சுருக்கம். மறுமுறை கிழிசல். மோட்டார் கூரையாக இருந்தால் துணி சிக்கிய பிறகும் ஹைட்ராலிக் தண்டு தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் இந்நோய் கண்ட கன்வர்ட்டிபிள்காரர் கூரையைத் திறக்க அஞ்சுகிறார். மூடிய கன்வர்ட்டிபிளை வருடக்கணக்காக ஓட்டுகிறார். சாதாரணக் காரை அதிக விலைக்கு வாங்கியவராகிறார்.

சிகிச்சை முறைகளில் பல மதங்கள் உள்ளன. மிகப் பழமையானது ஊசி மதம். குண்டூசி, தையல் பின், அமெரிக்கக் கடைகளில் விற்கும் சுருள்கம்பி ஊசி என்று அதற்குள் உட்பிரிவுகள். தகரக் கூரையின் அட்டையில் சுருள் ஊசி கொஞ்ச நாள் நிற்கும். கன்வர்ட்டிபிளில் குத்துவதற்கு அட்டை ஏது? ஊசி நேராகத் திணிப்பைத் துளைத்து மேல்துணி வரை போகும். நோயாளிக்கு இருந்தது தொய்வு. வைத்தியர் போன பிறகு ஒழுகலும் சேரும்.

இரண்டாவது ஆவி மதம். துணிக்கு இஸ்திரி போடும் ஆவிக்கருவியைக் காட்டினால் பழைய பசை இளகி மறுபடி பிடிக்கும் என்பது இவர்கள் சித்தாந்தம். நுரையைக் கொன்றவை ஈரமும் சூடும் என்று மேலே நிறுவினோம். இவர்கள் அந்த இரண்டையும் ஒரே குழாயில் கலந்து கொடுக்கிறார்கள். மாலையில் துணி நிமிர்ந்து நிற்பதும் உண்டு. அதை வெற்றி என்று கொண்டாடுவது அவர்கள் விருப்பம்.

ஊசிக்குழாயில் பசை ஏற்றித் துணி வழியே செலுத்துவோர் மூன்றாவது. பசை நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறை படியும், அதுவும் வெளிர்சாம்பல் துணியில் நன்றாகத் தெரியும். பசை பிடித்திருப்பது உதிர்ந்த தூளைத்தான், கூரையை அன்று. கடைசியாகக் கத்தரிக்கோல் எடுத்து மொத்தத்தையும் அறுத்தெறிந்து வெறுங்கூரையார் கட்சியில் சேர்பவர்கள். கொள்கைத் தெளிவில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாப் போன்ற காரில் துணிக்குப் பின்னால் தெரிவது எம்.எக்ஸ்-5இன் சுத்தமான சட்டம் அல்ல. வயர், திணிப்பு, பழைய கிரீஸ், யாரோ விட்டுப்போன ஒரு ஸ்க்ரூ.

செம்மையான முறை ஒன்றுதான். அதில் பெரும்பகுதி வேலை ஒட்டுவதில் இல்லை, சுரண்டுவதில்.

முதலில் கூரையின் மோட்டாருக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். முன்கொக்கியைக் கழற்றி, கூரையை ஒரு சாண் உயர்த்தி, இரு பக்கமும் மரக்கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் சட்டத்துக்கு நடுவே தலையைக் கொடுப்பவர்களுக்கு இந்த ஆய்வு எதுவும் செய்ய முடியாது. சன் வைசர், உள்விளக்கு, ரப்பர் பீடிங் எல்லாம் கழற்றி, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று தனித்தனி கவரில் போட வேண்டும். தகரக் கூரையாக இருந்தால் இதற்குப் பிறகு அட்டையை வெளியே எடுத்து, மேஜையில் போட்டு, டீ குடித்தபடி வேலை செய்யலாம். கன்வர்ட்டிபிளில் அந்தச் சலுகை கிடையாது. காருக்குள் மல்லாந்து, கையை மேலே தூக்கியபடியே எல்லாம். சென்னை ஜி.பி. ரோடு சீட் கவர் கடைகளில் அனுபவப்பட்ட ஆட்கள்கூட கன்வர்ட்டிபிள் என்றால் ரேட்டை வேறு மாதிரி சொல்வதற்குக் காரணம் துணி அல்ல, கழுத்து.

பழைய துணியைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும், அதுதான் புதிய துணிக்கு அளவு. எடுப்பதற்கு முன்பே நடுக்கோட்டைச் சாக்பீஸால் முன்னும் பின்னும் குறித்துவிட வேண்டும். சட்டத்திலும் அதே குறி. முதுகில் தைத்த ஒவ்வொரு பட்டையும் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு பட்டை ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தைக்கப்பட்டால் மூடிய கூரையில் சுருக்கம் விழும், திறக்கும்போது துணி சட்டத்தின் வாய்க்குப் போகும். புதிய துணி வாங்கும்போது நுரை ஒட்டாததாகக் கேட்பது நல்லது. நுரை இருந்தால் தொட்டால் மெத்தென்று இருக்கும், கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அந்த மெத்தென்ற சுகத்தின் பின்விளைவு பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது சுரண்டல். முகத்தில் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் துண்டு, சீட்டுக்குப் பழைய பெட்ஷீட். கம்பி பிரஷ் வேண்டாம். நைலான் பிரஷ் போதும். தூளை உதறக்கூடாது, வேக்குவம் கிளீனர் குழாயைப் பக்கத்திலேயே பிடித்தபடி தேய்க்க வேண்டும். சட்டத்தில் விரல் வைத்துத் தடவினால் வெறும் உலோகம் தட்டுப்பட வேண்டும், தூளின் சுவடு இருக்கக்கூடாது. இந்தக் கட்டத்தில் பலருக்கும் ஒரு ஞானம் பிறக்கும்: இவ்வளவு போதும், மிச்சத்தைப் பசை பார்த்துக்கொள்ளும் என்று. அந்த ஞானத்துக்கு இணங்கியவர்களின் கார்கள்தாம் அடுத்த கோடையில் மறுபடி கடைக்கு வருகின்றன.

பசை விஷயத்தில் மரவேலைக்கான வெள்ளைப் பசை உதவாது. தண்ணீரில் கரைத்த அது ஈரத்துக்கும் சூட்டுக்கும் இளகிவிடும். கடையில் எஸ்.ஆர். என்று கேட்டால் தரும் செயற்கை ரப்பர் பசை, அல்லது உயர்வெப்பம் தாங்கும் ஹெட்லைனர் ஸ்பிரே. இரண்டிலும் தீப்பிடிக்கும் கரைப்பான் உண்டு. கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், பீடி பிடிக்கும் உதவியாளர் தெருவில் இருக்க வேண்டும். சட்டத்திலும் துணியிலும் இரண்டிலும் மெல்லப் பூச வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டுவது போல் இருந்து ஒட்டாமல் வர வேண்டும் என்பது கடைக்கணக்கு. அவசரப்பட்டு ஈரமாக ஒட்டினால் பசை துணி வழியே ஊறி முகம் காட்டும்.

இந்தப் பசையின் குணம், பட்ட இடத்தில் பிடித்துக்கொள்வது. நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. ஆகவே அனுபவப்பட்டவர்கள் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே மெழுகுத்தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நடுக்கோட்டைக் குறியோடு குறி சேர்த்துப் பிடித்து, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு போவார்கள். இடது கை தாளை இழுக்கும், வலது கை நீவும், வாய் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டிருக்கும். ஓரத்துக்கு வந்ததும் அந்தக் கிளிப் முன்விளிம்பில் ஏறும். அதன் பக்கத்தில் இன்னொன்று. கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பே போதும்.

அதற்குப் பிறகு கிளிப்பை எடுத்து, கொக்கியைப் பூட்டி, ஒரு நாள் முழுக்கக் கூரை மூடியே இருக்க வேண்டும். இந்த ஒரு நாள்தான் வேலையிலேயே கடினமான பகுதி, ஏனென்றால் செய்ய ஒன்றும் இல்லை. இத்தனை காலம் திறக்காமல் ஓட்டியவருக்கு இன்று மட்டும் திறந்து பார்க்கக் கை அரிக்கும். மறுநாள் ஃபியூஸைப் போட்டு, ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்து துணி எந்தப் பக்கம் மடிகிறது என்று பார்க்க, பாதியில் நிறுத்தி, இரண்டு வளைவுக்கு நடுவே துணி உட்பக்கமாகச் சுருண்டிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவி, பிறகுதான் முழுக்க மடக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் ஒரு புதிய சிக்கல் தலைகாட்டும். புதிய உள்கூரைக்குப் பக்கத்தில் சன் வைசர் இரண்டும் பல வருட எண்ணெய்க் கையோடு பழுப்பாகத் தெரியும். மீந்த துணியில் அதற்கும் உறை தைத்துத் தரட்டுமா என்று குஷன் கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி, சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னும் ஒரு மீட்டர் துணி மிச்சமிருப்பதாக அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னால், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.